ஸுல்பிகா அழித்த கோடு

திருகோணமலை மத்திய வீதியில் இருக்கும் ஸ்டூடியோவில் படம் எடுப்பவர் முனீப். கடையும் அவருடையதுதான். ஆனால் எடுத்த படத்தை ஆட்கள் பார்க்கும்படி ஆக்குகிறவள் ஸுல்பிகா. இதை முனீப்பே நாலு பேருக்கு முன்னால் சொல்லுவார். சொன்ன கையோடு, அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதையும் சேர்த்துக்கொள்வார். இரண்டிலும் பொய் இல்லை.

கிண்ணியாவில் இருந்து காலை பஸ்ஸில் வருவாள். பின்னறையில் கணினிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் மத்தியான லுஹர் தொழுகைக்குத்தான் எழும்புவாள். வயது முப்பத்தாறு. சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பு நின்றுபோனது. படம் திருத்துகிற வேலையை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. போனில் வீடியோ பார்த்து, பிழை விட்டு, ஏச்சு வாங்கி, தானாகப் பிடித்துக்கொண்டது. ஒன்பது வருடத்தில் பட்டினத்துக் கலியாண அல்பங்களில் பாதிக்கு மேல் அவள் கை பட்டுத்தான் போயிருக்கும். அதில் அவளுக்குப் பெருமை உண்டு. கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

வெட்டவெளியில் எடுத்த படங்கள்தான் அவளுக்குப் பகை. இந்த ஊர் வெயில் எப்படிப்பட்டது என்று இந்த ஊராருக்குச் சொல்லவேண்டியதில்லை. வெள்ளை வேட்டி, பளபளக்கிற தண்ணீர், வானத்துக்கு நேரே நிற்கிற தென்னோலை என்று வெளிச்சமும் இருட்டும் முட்டிக்கொள்கிற இடமெல்லாம் கமெராக் கண்ணாடி தடுமாறி, ஓரத்தில் மெல்லிசாக ஊதா நிறத்தைக் கசியவிட்டுவிடும். சும்மா பார்த்தால் தெரியாது. பெருப்பித்துப் பார்த்தால் மாப்பிள்ளையின் காது முழுக்க ஊதா. அதைக் கண்டால் ஸுல்பிகாவுக்குக் கை சும்மா இராது. படத்தை மூலை மூலையாக நகர்த்தி, தேடித்தேடி அழிப்பாள். பேன் பார்க்கத் தொடங்கிவிட்டாள் என்று முனீப் பகிடி பண்ணுவார்.

வேலை தலைக்கு மேல் போகிற மாதங்களில் அப்படி ஒவ்வொன்றாகப் பார்க்க நேரம் ஏது? அல்பம் முழுவதிலும் ஊதா ஓரங்களை ஒரே இழுவையில் எடுத்துவிட மென்பொருளில் வசதி இருக்கிறது. அவள் இழுத்துவிடுவாள். இருநூறு படமும் ஒரு நொடியில் சுத்தமாகிவிடும்.

போன ஆடி மாதம், ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு, சல்லிக் கடற்கரைக் கிராமத்து மீனவர் சங்கச் செயலாளர் சின்னராசா ஸ்டூடியோவுக்குப் போன் எடுத்தார். அந்தக் கிராமத்து வீரசிங்கத்தின் படகைக் காணவில்லை. ஞாயிறு பின்னேரம் வலை போடப் போனது, திங்கள் விடிய வந்திருக்க வேண்டும். படகில் இரண்டு பேர், வீரசிங்கமும் அவருடைய மனைவியின் தம்பியும். எஞ்சின் நின்றிருக்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். கச்சான் காற்றுக் காலம், காற்று கரையில் இருந்து கடலுக்கு அடிக்கிறது. எஞ்சின் இல்லாத படகை அது மணிக்கு மணி வெளியே தள்ளிக்கொண்டு போகும். ஒரு இரவுக்குப் போகிறவர்கள் ஒரு இரவுக்குத்தான் தண்ணீர் கொண்டுபோவார்கள். இன்றைக்கு மூன்றாம் நாள்.

படகின் படம் திங்கள் பின்னேரமே வடக்கே புல்மோட்டையில் இருந்து தெற்கே இலங்கைத்துறை வரைக்கும் எல்லாக் கடற்றொழிலாளிகளின் போனுக்கும் போய்விட்டது. அது முனீப் எடுத்த படம்தான். இரண்டு வருடத்துக்கு முன், வீரசிங்கம் புதுப்படகைக் கடலில் இறக்கின அன்று எடுத்தது. அவர் வீட்டுச் சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருந்ததை யாரோ போனால் எடுத்து அனுப்பியிருந்தார்கள். துறைமுகத்தில் ஒட்டுவதற்குப் பெரிசாக அச்சடிக்க வேண்டும், தெளிவான பிரதி ஒன்று தாருங்கள் என்றார் சின்னராசா.

ஸுல்பிகா பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தாள். பெரிசாக அச்சடிக்க வேண்டுமென்றால் கமெராவில் இருந்து இறக்கிய மூலப்படம்தான் நல்லது என்று அதைத் திறந்தாள். கரையில் சனம், நடுவில் வெள்ளைப் படகு, முன்பக்க அணியத்தில் கட்டிய வாழை, படகின் பதிவு இலக்கத்தை மறைத்துக்கொண்டு தொங்குகிற மாலை. படகின் விளிம்பு நெடுக ஓர் ஊதாக் கோடு.

வழக்கம்போல மவுஸ் அவள் கையில் தானாக நகர்ந்தது. அழிக்கப் போனவள் நின்றாள்.

கண்ணாடி கசியவிடுகிற ஊதாவுக்கு ஒரு குணம் இருக்கிறது. வெளிச்சம் கொதிக்கிற ஓரத்தில்தான் அது வரும், நிழலுக்குள் வராது. ஒரு பக்கம் ஊதா என்றால் எதிர்ப்பக்கம் பச்சை தட்டும். ஓரிடத்தில் தடிக்கும், ஓரிடத்தில் மெலியும். இந்தக் கோடோ தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே தடிப்பில் போனது. வாழையிலையின் நிழல் விழுந்த இடத்திலும் அப்படியே இருந்தது. அவள் இன்னும் பெருப்பித்தாள். நிழலுக்குள் தூரிகை இழுத்த தடம்கூடத் தெரிந்தது.

இது பெயின்ட். இரண்டு வருடத்துக்கு முன், இருநூறு படத்தோடு சேர்த்து ஒரே இழுவையில், அவள் ஒரு மனிதனுடைய படகின் நிறத்தையே அழித்திருக்கிறாள். கரை முழுக்க ஆட்கள் மூன்று நாளாகக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிற படத்தில் அந்தக் கோடு இல்லை.

அதைவிட மோசம், அடுத்ததாக ஞாபகம் வந்ததுதான். பிரேம் போட்ட படத்தை வாங்க வீரசிங்கம் வந்திருந்தார். முன்மேசையில் நின்று, படம் வடிவாக இருக்கிறது, ஆனால் கோடு விழவில்லை என்று மெதுவாகச் சொன்னார். பின்னறையில் இருந்து தலையைக்கூட நீட்டாமல் ஸுல்பிகா பதில் சொன்னாள்.

"ஐயா, அது வெயிலால விழுற கலர். உண்மையில அப்படி ஒண்டு இல்ல."

அவர் பிரேமைத் திருப்பி இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, "சரி பிள்ளை, உங்களுக்குத் தெரியும்தானே" என்று சொல்லிப் படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சண்டை போடத் தெரியாத மனிதர்களுக்கு இந்த உலகத்தில் இதுதான் நடக்கிறது. அவருடைய படகில் என்ன நிறம் இருக்கிறது என்பதை அவருக்கே சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். அன்று அவள் அதை இரண்டாம் தரம் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

முனீப்பைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி ஏற்றிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் கடை வைத்திருக்கிறவர். தெளிவான பிரதி என்று சொல்லி இதை அனுப்பிவிடு, வேறொன்றும் சொல்லவேண்டாம் என்றார். கோடு இருக்கிற படம் போனால் போதும்தானே? யார் அழித்தது, ஏன் அழித்தது என்று தொடங்கினால் பிறகு ஊர் வாயை மூட ஏலாது.

ஸுல்பிகா அதையும் யோசித்துப் பார்த்தாள், இல்லையென்று சொல்வதற்கில்லை. ஆனால் ஏற்கெனவே பார்த்த படத்தை மறுபடி அனுப்பினால் எவன் உற்றுப் பார்ப்பான்? அதே படம் என்று விரலால் தள்ளிவிட்டுப் போவான். முதல் படம் பிழை என்று வாயால் சொன்னால்தான் பார்ப்பார்கள்.

"முனீப் நானா, ரெண்டு உசிரு கடலுக்க கிடக்கு. பிழையை நான்தான் செஞ்சன், நானே சொல்றன்."

முனீப் தலையைச் சொறிந்தார். பிறகு போனை எடுத்து அவள் பக்கம் நகர்த்திவைத்தார்.

சின்னராசா முழுவதையும் கேட்டார்.

"அப்ப இந்த மூண்டு நாளும் நாங்கள் எந்தப் படகைத் தேடினனாங்கள்?"

சல்லியில் அந்தப் படகைத் தெரியாதவர்கள் இல்லை. தெரியும் என்பதாலேயே யாரும் அதை வாயால் விவரிக்கவில்லை, படம் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். புல்மோட்டைக்காரனுக்கும் இலங்கைத்துறைக்காரனுக்கும் அந்தப் படம்தான் எல்லாம்.

சின்னராசா போனை வீரசிங்கத்தின் மனைவியிடம் கொடுத்தார். இரத்தினேஸ்வரி மூன்று நாளாகக் கரையில்தான் இருக்கிறாளாம். ஓம், நாலு விரல் அகலத்தில் கத்தரிப்பூ நிறக் கோடு இருக்கிறது என்றாள். தான்தான் கேட்டதாம். கரையில் நின்று பார்த்தால் வருகிற படகெல்லாம் வெள்ளையாகவே இருக்கிறது, உங்களுடையது எது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று. அதற்குப் பிறகுதான் அவர் வீட்டுக் கேற்றுக்கு அடித்து மிஞ்சின பெயின்ட்டை எடுத்து அந்தக் கோட்டைப் போட்டாராம்.

"படத்தில விழாத நிறமாக்கும் எண்டு நினைச்சிட்டன் தங்கச்சி. ஸ்டூடியோவில அப்பிடித்தான் சொன்னவை எண்டு அவர் சொன்னவர்."

அவள் திட்டியிருந்தால் ஸுல்பிகா தாங்கியிருப்பாள். இதைத் தாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூலப்படத்தில் கோட்டைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்டாள். கீழே எழுதினாள்: முன்னர் அனுப்பிய படம் பிழையானது, படகின் விளிம்பில் ஊதாக் கோடு உண்டு, அதைப் படத்தில் அழித்தது நான், ஸுல்பிகா. பெயர் வேண்டாமே என்று முனீப் மெல்லச் சொன்னார். அவள் கேட்காததுபோல அனுப்பினாள்.

அப்போது பதினொன்றரை மணி. சிக்கல் அதோடு முடியவில்லை, அங்கேதான் இறுகியது. கடற்படைக்கும் அறிவித்திருந்தார்கள், ஆனால் கடல் பெரிது. சங்கத்தின் பேச்சைக் கேட்டுத் தேடப் போக ஒப்புக்கொண்டது, நாட்கணக்காக ஆழ்கடலில் நிற்கக்கூடிய ஒரே ஒரு பலநாள் படகு. அது துறைமுகத்தில் எண்ணெய் நிரப்பிப் புறப்படத் தயாராக நின்றது. போகிற திசை தென்கிழக்கு. ஏனென்றால் வெள்ளைப் படகு ஒன்று அந்தப் பக்கம் தூரத்தில் தனியே மிதந்ததை இலங்கைத்துறை ஆள் ஒருவர் கண்டதாகச் சொல்லியிருந்தார். படத்தில் இருக்கிறது போலவே இருந்ததாம். அந்த ஆளிலும் பிழை இல்லை, படத்தைத்தான் நம்பினார். அந்தத் தூரத்துக்குக் கோடு தெரிந்திருக்குமா என்று இப்போது கேட்டால் அவருக்கே நிச்சயம் இல்லை.

பன்னிரண்டே காலுக்குச் சின்னராசா மறுபடி போன் எடுத்தார். புல்மோட்டையில் இருந்து றம்ஸான் என்ற பலநாள் படகுக்காரர் ஒருவர் பேசியிருக்கிறார். இன்று காலைதான் கரைக்கு வந்தாராம். நேற்று விடிய, வடகிழக்கே நல்ல தூரத்தில், டொல்பின் கூட்டம் ஒன்று துள்ளி விளையாடியதைப் போனில் படம் பிடித்திருக்கிறார். பின்னால் ஒரு சின்னப் படகு நின்றது. ஆட்கள் தெரியவில்லை, வலையைப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தன் பாட்டில் வந்துவிட்டார். கரைக்கு வந்து முதல் படத்தைப் பார்த்தபோதும், தான் எடுத்த படத்தில் அந்தப் படகில் ஊதாவாக என்னவோ தெரிகிறதே, இது அதுவல்ல என்று விட்டுவிட்டார். இப்போது இரண்டாவது படத்தைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. டொல்பின் படத்தை அனுப்பியிருக்கிறார்.

படகு ஒன்று. திசை இரண்டு. வடகிழக்கே போனால் தென்கிழக்கே போக எண்ணெயும் இல்லை, வெளிச்சமும் இல்லை. றம்ஸானின் படத்தில் தெரிகிறது பெயின்ட்டா, அல்லது வெயில் செய்த வேலையா என்பதைச் சொல்லக்கூடிய ஆள் இந்தக் கரையில் ஒருத்திதான் இருந்தாள்.

"தங்கச்சி, ஓம் எண்டா ஓம், இல்லை எண்டா இல்லை. இருக்கலாம் எண்ட கதை எனக்கு வேண்டாம். ஆக்கள் எஞ்சினைப் போட்டுக்கொண்டு நிக்கினம்."

வட்ஸ்அப்பில் வந்த படம் நசுங்கிப்போய் இருந்தது. அப்படியே அனுப்பாமல் ஃபைலாக அனுப்பச் சொல்லுங்கள் என்றாள் ஸுல்பிகா. அதற்குப் பத்து நிமிடம் போனது. அந்தப் பத்து நிமிடமும் முனீப் கடை வாசலுக்கும் பின்னறைக்குமாக நடந்தார். போட்டோக் கொப்பி எடுக்க வந்த ஒரு மனுசியைப் பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

ஃபைல் வந்தது. திறந்தாள்.

சூரியனுக்கு நேரே பிடித்த படம். எல்லாவற்றிலும் ஊதா. டொல்பின் முதுகில் ஊதா, அலை நுனியில் ஊதா, றம்ஸானின் படகில் கட்டியிருந்த கயிற்றின் இரண்டு பக்கமும் ஊதா. அந்தச் சின்னப் படகு திரையில் ஒரு விரல் நீளம்கூட இல்லை. அதன் விளிம்பிலும் ஊதா இருந்தது, ஆனால் இந்தப் படத்தில் எதற்குத்தான் ஊதா இல்லை?

கயிற்றின் ஊதா போகும்வரை மட்டும் மெல்ல இழுத்துப் பார்த்தாள். கயிறு சுத்தமானது. படகின் ஊதா மங்கியது, ஆனால் போகவில்லை. அது ஒரு சாட்சிதான், போதாத சாட்சி. ஒன்பது வருடமாகத் தன் கண்ணை நம்பினவளுக்கு இப்போது அந்தக் கண்ணில் நம்பிக்கை வரவில்லை. அன்று இருந்த நிறத்தை இல்லையென்று சொன்னவள், இன்று இல்லாத நிறத்தை இருக்கிறதென்று சொல்லிவிட்டால்? தேடப் போகிற படகு வெறும் கடலைச் சுற்றிவிட்டு வரும். தென்கிழக்கே இரண்டு பேர் நாக்கு வறண்டு கிடப்பார்கள். சின்னராசா போனை வைக்கவில்லை. எஞ்சின் சத்தம் அவள் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பிஸ்மில்லாஹ் என்று சொல்லி, இழுத்ததை எல்லாம் பழையபடி விட்டாள். இன்றைக்கு ஒன்றையும் அழிக்கிறதில்லை. படத்தைக் கட்டம் கட்டமாகத் தெரியும்வரை பெருப்பித்து, விளிம்பு வழியே அணியத்தில் இருந்து மெதுவாக நகர்ந்தாள். நடுப்பகுதியில் வெளிர் நிறமாக ஏதோ விளிம்புக்கு மேலால் வழிந்து தொங்கியது. சாரம். யாரோ இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை விளிம்பில் போட்டிருக்கிறார்கள். காயப் போட்டதோ, கண்டு யாராவது வரட்டும் என்று போட்டதோ.

அந்தச் சாரம் தொங்குகிற இடத்தில் ஊதா இல்லை. சாரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கம் இருக்கிறது, நடுவில் அறுந்திருக்கிறது.

வெயில் செய்த ஊதா துணிக்கு ஒளியாது. வெள்ளை முடிகிற இடமெல்லாம் ஏறும், சாரத்தின் ஓரத்தையும் விட்டுவைக்காது. ஒரு துணியால் மூடி மறைக்கக்கூடியது கையால் பூசிய பெயின்ட் மட்டும்தான்.

"அண்ணன், ஓம். இது பெயின்ட். வடகிழக்க போகச் சொல்லுங்க."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"பாத்திட்டன். இந்த முறை பாத்திட்டுத்தான் சொல்றன்."

றம்ஸான் தன் ஜீபிஎஸ் கருவியில் பதிந்திருந்த இடத்தைச் சொன்னார். நேற்று விடிய இருந்து காற்று எவ்வளவு தள்ளியிருக்கும் என்று கணக்குப் பார்த்து, ஒரு மணிக்குப் படகு புறப்பட்டது. ஸுல்பிகா அன்று சாப்பிடவில்லை. பின்னேரம் பஸ் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தபோது எல்லோரும் பார்க்கிற கடலை அவள் பார்க்கவில்லை, மடியில் கிடந்த போனையே பார்த்துக்கொண்டு போனாள். வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தாள். பயம் வந்தால் அவளுக்கு அப்படித்தான் வரும்.

வியாழன் காலை பத்தே முக்காலுக்குப் படம் வந்தது. செய்தி ஒன்றும் இல்லை, வெறும் படம். பலநாள் படகின் பின்பக்கத்தில் இருந்து எடுத்தது. இழுவைக் கயிறு, அதன் முடிவில் வெள்ளைப் படகு, விளிம்பில் கோடு. அவள் கோட்டைப் பார்க்கவில்லை. தலைகளை எண்ணினாள். ஒன்று. மற்றது எங்கே? படத்தைத் தள்ளித் தள்ளித் தேடினாள். ஐஸ் பெட்டிக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு மற்றது இருந்தது. இரண்டு. கதிரையில் இருந்தபடியே அழுதாள். முனீப் வெளியே போய், கேட்ட கேளாத ஆட்களுக்கெல்லாம் சொன்னார்.

மீன் போடக் கொண்டுபோன ஐஸ் உருகின தண்ணீர்தான் அவர்களைக் காப்பாற்றியதாம். அதுவும் புதன் மத்தியானத்தோடு முடிந்துவிட்டதாம்.

இரண்டு கிழமை கழித்து வீரசிங்கம் ஸ்டூடியோவுக்கு வந்தார். இரத்தினேஸ்வரியும் கூட வந்தாள். வெயில் தின்ற அவர் முகத்தில் தோல் இன்னும் உரிந்துகொண்டிருந்தது. பழைய பிரேமை முன்மேசையில் வைத்தார். ஸுல்பிகா இந்த முறை பின்னறைக்குள் இருந்து பதில் சொல்லவில்லை. வெளியே வந்து, அவர் முகத்தைப் பார்த்து, மன்னிப்புக் கேட்டாள். அவர், கோடு விழுந்த படம் ஒன்று வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

இருவரையும் உள்ளே கூட்டிப்போய்க் கதிரை போட்டு உட்காரவைத்து, மூலப்படத்தைத் திரையில் திறந்தாள். அவர் குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். படத்தில் கரையோரம் நின்ற இரத்தினேஸ்வரியின் சேலைத் தலைப்பு ஓரத்திலும் ஊதா இருந்ததைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். அது உண்மையில் இல்லாதது, வெயிலால் வந்தது, எடுக்கவா என்று உங்களிடம் கேட்கத்தான் விட்டுவைத்தேன் என்றாள். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தனி மஞ்சள் சேலை, ஊதாவே இல்லை என்றாள் இரத்தினேஸ்வரி.

"அப்ப அதை எடுங்கோ பிள்ளை" என்றார் வீரசிங்கம்.

ஸுல்பிகா மவுஸைக் கையில் எடுத்தாள். அவர் முன்னால் சாய்ந்து, திரையில் படகின் விளிம்பில் இருந்த கோட்டின் மேல் தன் நாலு விரலையும் வைத்து மூடிக்கொண்டார். உப்பில் வெடித்த விரல்கள். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கையை எடுங்கள் ஐயா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்த விரல்களைச் சுற்றி, ஓரம் ஓரமாக, வேலையைச் செய்து முடித்தாள்.